டொப்பு அவர்கள் எங்கிருந்தாலும் வரவும்

போன வருடம் காணும் பொங்கலன்று மாமல்லபுரத்தில் நடந்தது இது. காணும் பொங்கலுக்கு மட்டும் அங்கே போகாதே, கடல் தெரியாது, தலைகள்தான் தெரியும் என்று செங்கல்பட்டில் எல்லோரும் எல்லோருக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் போவார்கள். நாங்களும் போனோம். நான், கணவர், ஐந்து வயது மகள், ஒரு கூடை, ஒரு பாய், அத்தனையும் ஒரே வண்டியில், திருக்கழுக்குன்றம் வழியாக.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் என் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் இப்படியும் ஒரு தாய் இருப்பாளா என்று உங்களுக்குத் தோன்றும். தெரிந்த பிறகும் தோன்றினால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது என் பொறுப்பு. பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், ஓடிபி கேட்டால் பேச்சை வளர்க்காமல் போனை வைத்துவிடுங்கள், உங்கள் விவரம் உங்கள் பீரோ சாவி மாதிரி என்று மூச்சுவிடாமல் பேசுவேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டில் வேறு மாதிரி நடப்பவள் இல்லை நான். ஜவுளிக் கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டால் தரமாட்டேன். ரொம்ப நச்சரித்தால் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்வேன். பெயரும் அப்படித்தான். ஒரு கடையில் நான் பத்மா, இன்னொரு கடையில் சாந்தி. எங்கே யாராக இருக்கிறேன் என்று எனக்கே ஞாபகம் இருக்காது.

என் கணவர் இதற்கு நேர்மாறு. அணுபுரம் குடியிருப்பில் ஏசி, ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறார். அவர் நம்பர் அங்கே பாதி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தால் என்னைப் பார்க்காமல் எழுந்து போய்ப் பேசுவார். இதற்காக எங்களுக்குள் வராத சண்டை இல்லை.

அடுத்து டொப்பு. டொப்பு ஒரு கழுதைக்குட்டி. நிஜக் கழுதை இல்லை, போனில் இருக்கும் கழுதை. சின்னக் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் ஒரு ஆப், கூட வேலை பார்க்கும் தோழி சொல்லி நான் ஏற்றிக் கொடுத்தது. கார்ட்டூன் போல அது பாட்டுக்கு ஓடாது. டொப்பு கதை சொல்லிக்கொண்டே வந்து நடுவில் நின்றுவிடும். ஆற்றைக் கடந்து போகலாமா, இல்லை இந்தப் பக்கமே படுத்துத் தூங்கலாமா என்று கேட்கும். குழந்தை வாயைத் திறந்து பதில் சொன்னால்தான் கதை நகரும். என்ன சொல்கிறதோ அந்தப் பக்கம் திரும்பும். பதில் வராவிட்டால் காதைச் சொறிந்துகொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்கும். நேற்று என்ன பேசினோம் என்பதை வேறு ஞாபகம் வைத்துக்கொண்டு இன்று கேட்கும்.

முதல் தடவை திறந்தபோது குழந்தையின் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். நானா கொடுப்பேன்? வாய்க்கு வந்த ஒரு பெயரையும் ஓர் ஊரையும் தட்டிவிட்டேன். மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டொப்பு உன்னை இந்தப் பெயரில்தான் கூப்பிடும், நீயும் அதையே சொல்ல வேண்டும் என்றேன். உன் நிஜப் பெயர், அம்மா அப்பா பெயர், வீடு எங்கே, அம்மாவின் நம்பர் என்ன, இதெல்லாம் யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, என்ன ஆனாலும் சொல்லக் கூடாது என்றும் சொன்னேன். அவள் பெரிய மனுஷி போலத் தலையாட்டினாள். இரண்டு முறை திருப்பிச் சொல்லவைத்தேன். அத்தோடு அந்த விஷயத்தை மறந்தும் போனேன்.

கணவரின் பழைய போனில், ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் அவள் டொப்புவோடு பேசுவாள். ஹெட்போன் என் ஏற்பாடு. எனக்கு வீட்டிலிருந்தும் ஆபீஸ் போன்கள் வரும், நடுவில் கழுதை பேசினால் சரிப்படாது. அதனால் மாதக்கணக்காக நான் கேட்டதெல்லாம் பாதிப் பேச்சுதான். "வேணாம் டொப்பு, அங்க சேறு." "நீ மொதல்ல தண்ணி குடி." "அழாத, நான் இருக்கேன்ல." அந்தப் பக்கம் டொப்பு என்ன சொல்கிறது, இவளை என்னவென்று கூப்பிடுகிறது, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை. நிம்மதியாகச் சமைக்க முடிந்தது, அது போதுமாக இருந்தது. வருகிறவர்களிடம், என் பொண்ணு போனில் கண்டதைப் பார்ப்பதில்லை, கதை பேசுகிறாள் என்று பெருமையடித்துக்கொள்வேன். என்ன கதை என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

சரி, காணும் பொங்கலுக்கு வருகிறேன். கடற்கரைக்குத் திரும்பும் இடத்தில் இரண்டு பெண் போலீஸ்காரர்கள் நின்றுகொண்டு, வருகிற குழந்தைகளின் கையில் பட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பெயரையும் பெற்றோர் நம்பரையும் பேனாவில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிவிடுவது. என் கணவர் வரிசையில் போய் நின்றே விட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஊரே பார்க்கிற மாதிரி குழந்தையின் பெயரையும் நம்பரையும் கையில் எழுதி அனுப்புவதைவிட ஆபத்து வேறு இருக்கிறதா என்று அந்தப் போலீஸ்காரப் பெண்ணிடமே கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த குழந்தையின் கையைப் பிடித்தார்.

கடலில் இறங்கக் கூடாது என்று சவுக்குக் கட்டைகளை நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க இடமில்லை. கடற்கரைக் கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே, சவுக்குத் தோப்பு ஆரம்பிக்கும் இடத்தில் பாயை விரித்தோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு துண்டுக் கரும்பு. சாப்பிட்டு முடித்ததும் மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு டொப்புவோடு உட்கார்ந்துவிட்டாள். கணவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். அப்போது ஆபீஸிலிருந்து போன். பண்டிகை நாளிலும் ஓடும் தொழிற்சாலை, ஏதோ ஒரு சர்வர் படுத்துவிட்டது. கூட்டத்து இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுந்து, முதுகைக் காட்டியபடி நாலடி தள்ளிப் போய்ப் பேசினேன்.

பேசிவிட்டுத் திரும்பினால் பாயில் கூடை இருக்கிறது, பழைய போன் இருக்கிறது, மகள் இல்லை.

இங்கேதான் இருப்பாள் என்று முதலில் நினைத்தேன். மரத்துக்குப் பின்னால் பார்த்தேன். பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டேன். பார்க்கவில்லை என்றார்கள். பழைய போனில் ஹெட்போனுக்குள் சன்னமாக ஏதோ பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. டொப்பு ஏதோ கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் திணித்தேன். ஒரு நொடி காதில் வைத்திருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். அப்போது அந்தச் சத்தம் எரிச்சலாகத்தான் இருந்தது.

கணவர் பாட்டிலோடு வந்தார். நான் முகத்தைத் திருப்புவதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. பெயர் சொல்லிக் கத்தினோம். அத்தனை கூட்டத்தில் பெயர் சொல்லிக் கத்துவது எவ்வளவு கேவலமாக இருக்கும் தெரியுமா? யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எல்லோரும் யாரையாவது கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ரோஜா நிறப் பாவாடை எங்கே தெரிந்தாலும் ஓடினேன். அன்றைக்குப் பார்த்துப் பாதிக் குழந்தைகள் ரோஜா நிறத்தில்தான் இருந்தன. ஒரு குழந்தையின் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன், அதன் அப்பா என்னை அடிக்காத குறை.

கோயில் பக்கம் இருந்த போலீஸ் பூத்துக்கு ஓடினோம். வயதான ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். பெயர், வயது, பாவாடை நிறம், செங்கல்பட்டு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அன்று ஒன்றையும் மறைக்கவில்லை. உடனே மைக்கில் சொன்னார்கள். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஸ்பீக்கர்களில் என் மகளின் பெயர் கடற்கரை முழுக்கக் கேட்டது. கேட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏட்டின் வயர்லெஸ்ஸில் ஏதோ கரகரத்தது. கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அஞ்சு ரதத்தாண்ட ஒரு பொண்ணு கெடச்சிக்கீதாம்மா. அஞ்சு வயசுதான் இருக்கும்ங்கறாங்கோ. ஒரு தபா போய்ப் பாத்துட்டு வந்துடு."

அந்தக் குழந்தையின் பெயர் என்ன என்று கேட்டேன். மல்லிகா என்றார். ஊர் கோயம்புத்தூர். நீல நிற டீ-ஷர்ட்.

"சார், பேரு வேற, ஊரு வேற, போட்டிருக்கிற டிரஸ்ஸும் வேற. எதுவுமே ஒத்துப்போகல. அது என் பொண்ணு இல்ல."

எதற்கும் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்று கணவர் இழுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஐந்து ரதம் இருப்பது ஒரு மூலையில், இந்தக் கூட்டத்தில் போய் வருவதற்குள் இங்கே என்ன ஆகுமோ? யாரோ கோயம்புத்தூர்க்காரர் பெற்ற பிள்ளையைப் பார்க்க நாம் ஏன் ஓட வேண்டும்? தண்ணீரைப் பாருங்கள், முதலில் தண்ணீர் ஓரமாகப் பாருங்கள் என்று கத்தினேன். ஆமாம், எனக்கு வேறு எதைப் பற்றியும் பயம் இல்லை, கடலைப் பற்றித்தான். கயிறு பெரியவர்களைத்தான் தடுக்கும். அவள் உயரத்துக்கு அது ஒரு தடையே இல்லை.

அவரை வடக்குப் பக்கம் அனுப்பிவிட்டு நான் தெற்கே கயிற்றை ஒட்டியே ஓடினேன். நடுநடுவே நின்று அலைகளைப் பார்ப்பேன். ஒரு பிளாஸ்டிக் பை ரோஜா நிறத்தில் புரண்டு வந்தது. அதைப் பார்த்து மணலில் உட்கார்ந்தே விட்டேன். பக்கத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்தது. அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் அவர்களைப் பார்க்க எரிந்தது.

இதற்கிடையே ஸ்பீக்கரில் ஒரு தடவை என் மகளின் பெயரைச் சொன்னால், ஒரு தடவை அந்த மல்லிகாவைச் சொன்னார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த மல்லிகா என்ற பெண் குழந்தை எங்கள் பாதுகாப்பில் இருக்கிறது, பெற்றோர் வந்து அழைத்துச் செல்லவும். எனக்கு அந்தப் பெயரைக் கேட்கவே பிடிக்கவில்லை. அவளைச் சொல்லும் நேரத்தில் என் பெண்ணைச் சொல்லலாமே என்று இருந்தது. இத்தனை தடவை கூப்பிட்டும் வராமல் அந்த மல்லிகாவின் அம்மா எந்தக் கடையில் நின்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறாள், பெற்ற பிள்ளையின் பெயர்கூடக் காதில் விழாமல் அப்படி என்ன வேலை அவளுக்கு என்று நான் வாய்விட்டே திட்டினேன். இதை எழுதும்போதும் காது சூடாகிறது.

எவ்வளவு நேரம் ஓடினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. தொண்டை கட்டிவிட்டது. ஒரு கட்டத்தில் ஸ்பீக்கரில் வேறொரு குரல் வந்தது. பெண் குரல். சலித்துப்போன குரல்.

"மல்லிகா என்ற குழந்தை, டொப்பு என்பவரோடு வந்ததாகச் சொல்கிறது. டொப்பு அவர்கள் எங்கிருந்தாலும் ஐந்து ரதம் அருகே உள்ள போலீஸ் அவுட்போஸ்ட்டுக்கு உடனே வரவும். டொப்பு, டொப்பு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு ஒரு நொடி ஒன்றுமே விளங்கவில்லை. பிறகு மொத்தமும் ஒரே அடியாக விளங்கியது. நான் தட்டிய பெயர். நான் தட்டிய ஊர். மல்லிகாவின் அம்மா நான்தான்.

எப்படி ஓடினேன், யாரையெல்லாம் இடித்தேன், தெரியாது. கணவருக்குப் போன் போட்டு மல்லிகா நம்ம பொண்ணுங்க, மல்லிகா நம்ம பொண்ணுங்க என்று கத்தியிருக்கிறேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாராம்.

அவுட்போஸ்ட் என்பது ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் மகள் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள். முழங்காலைத் தொடும் நீல டீ-ஷர்ட், யாரோ ஒரு பையனுடையது. அவள் பாவாடை நனைந்து மணலோடு பக்கத்துக் கம்பியில் தொங்கியது. அவளை ஒட்டி, கையில் ஒரு கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். சட்டைக்குச் சொந்தக்காரப் பையன் வெற்று மேலோடு அவர் காலடியில் இருந்தான். எதிரே மேஜையில் மைக்கோடு பெண் போலீஸ்.

என்னைப் பார்த்ததும் மகள் முகம் மலர்ந்தது. நாற்காலியிலிருந்து குதித்தாள். இரண்டடி வைத்தாள். அதற்குள் போலீஸ்காரப் பெண் குறுக்கே கையை நீட்டி, யாரும்மா நீ என்று என்னைக் கேட்டார். நான் இவளோட அம்மா என்றேன். குழந்தை பெயர் என்ன என்றார். நான் நிஜப் பெயரைச் சொன்னேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மகள் பக்கம் திரும்பி, பாப்பா, இது யாரு, உங்க அம்மாவா என்று கேட்டார்.

மகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். போலீஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நான் கைகளை நீட்டினேன். கைக்குழந்தைக்காரப் பெண் சட்டென்று மகளின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ அம்மான்னு சொல்ற. புள்ள ஒண்ணும் சொல்லலியே. எப்டி குடுக்கறது?"

என் வயிற்றில் பிறந்த பிள்ளையை, முன்பின் தெரியாத ஒருத்தி எனக்குத் தரமாட்டேன் என்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் பிடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் என் பிள்ளை இந்தக் கைக்குள்தான் இருந்திருக்கிறது.

போனில் போட்டோ காட்டுகிறேன் என்று பையைத் துழாவினேன். அவசரத்தில் பை கவிழ்ந்து எல்லாம் கொட்டியது. குனிந்து பொறுக்கும்போது மகள் அந்தப் பெண்ணின் பிடியிலிருந்து நழுவி என் பக்கத்தில் வந்து குந்தினாள். என் காதருகே வாயைக் கொண்டுவந்து, யாருக்கும் கேட்காதபடி, ரகசியமாகக் கேட்டாள்.

"அம்மா, சொல்லலாமா?"

அவ்வளவுதான். நான் உடைந்துவிட்டேன். சொல்லு கண்ணு, எல்லாத்தையும் சொல்லு என்றேன்.

அவள் எழுந்து நின்று, பள்ளிக்கூட மேடையில் பாட்டு ஒப்பிப்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். தன் பெயர், என் பெயர், அப்பா பெயர், பள்ளிக்கூடம், வகுப்பு, கதவு எண், தெரு, செங்கல்பட்டு. என் போன் நம்பரை ஓர் இலக்கம் விடாமல் சொன்னாள். அப்பாவின் நம்பரையும் சொன்னாள். எல்லாம் தெரிந்திருந்தது அவளுக்கு. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் தெரிந்திருந்தது.

போலீஸ்காரப் பெண் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அம்மா நம்பர் தெரியுமா என்று எத்தனையோ தடவை கேட்டாராம். தெரியும், ஆனா சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொரு தடவையும் பதில் வந்ததாம். இதைவிட ஒன்று உண்டு. ஸ்பீக்கரில் அவள் நிஜப் பெயர் வரும்போதெல்லாம் அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் சந்தேகப்பட்டு, இது நீயா பாப்பா என்று கேட்டிருக்கிறார். இல்லை, நான் மல்லிகா என்றிருக்கிறாள் என் மகள். பிறகு வீட்டில் அதைப் பற்றிக் கேட்டபோது, "மைக்ல என் பேரைச் சொல்லிச் சொல்லிக் கேட்டாங்கம்மா. நான் மாட்டிக்கவே இல்ல" என்று என்னிடம் பாராட்டுக்காகக் காத்திருந்தாள். யாரோடு வந்தாய் என்று கேட்டதற்கு மட்டும், அதைப் பற்றி நான் ஒன்றும் தடை போடாததால், டொப்பு கூட என்று சொல்லியிருக்கிறாள்.

எப்படித் தொலைந்தாள் என்றும் தெரிந்தது. சவாரிக் குதிரை ஒன்று எங்கள் பாயைத் தாண்டிப் போயிருக்கிறது. டொப்புவுக்கு அண்ணன் போலிருக்கிறதே, எங்கே போகிறது என்று பார்த்துவந்து டொப்புவிடம் சொல்லலாம் என்று பின்னாலேயே நடந்திருக்கிறாள். குதிரை தெற்கே வெகுதூரம் போயிருக்கிறது. வழியில் பிள்ளைகள் தோண்டி வைத்திருந்த பள்ளத்தில் தேங்கிய கடல்தண்ணீரில் விழுந்து நனைந்து, எழுந்து பார்த்தால் குதிரையும் இல்லை, நாங்களும் இல்லை. அங்கேதான் அந்தப் பெண் அவளைத் தூக்கியிருக்கிறார். தன் பையனின் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, போலீஸில் ஒப்படைத்துவிட்டுப் போகாமல் கூடவே உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் படாளத்திலிருந்து ஒரு குட்டியானை லோடு வண்டியில் உறவுக்காரர்களோடு வந்தவர்கள். மற்றவர்கள் எல்லாம் வண்டியில் ஏறிக்கொண்டு, வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கணவர் இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனார். நான் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்காக உங்கள் பொழுது வீணாகிவிட்டதே என்று என்னவோ உளறினேன். அவர் கைக்குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

"இன்னாம்மா நீ. புள்ளைக்கு இன்னா சொல்லிக் குடுத்து வெச்சிக்கீற? ஒரு சொட்டுத் தண்ணி வுடல கண்ணுல. அழுதுகினு இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. அழாம குந்திகினு கீதே, அத்தப் பாத்துத்தான் எனக்கு பேஜாராப் போச்சு."

சட்டையைத் துவைத்துக் கொடுத்தனுப்புகிறேன், எந்தத் தெரு என்று கேட்டேன். போகட்டும் வுடு என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். தகரக் கொட்டகைக்குள் அத்தனை நேரம் உட்கார்ந்ததில் அவர்கள் அன்று கடலைச் சரியாகப் பார்த்திருக்கவே மாட்டார்கள். வண்டி திரும்பும்போது என் மகள், "அவங்க ரொம்ப நல்லவங்கம்மா, பாவம், அவங்ககிட்டகூட மல்லிகான்னுதான் சொன்னேன்" என்றாள்.

அன்று இரவு மட்டுமல்ல, அதன் பிறகும் பல நாள் என்னால் ஓரிடத்தில் நிலையாக உட்கார முடியவில்லை. ஹெட்போனை எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டேன். டொப்பு இப்போது வீடு முழுக்கக் கேட்கிறது. வா மல்லிகா, இன்றைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று அது கூப்பிடும்போது முதலில் எனக்குக் குப்பென்று வியர்க்கும். பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மல்லிகாதான் டொப்புவின் ஃப்ரெண்டாம். சரி, அந்தக் கதைக்குள் அவள் மல்லிகாவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நான் பதில் சொன்னால் கோபித்துக்கொள்கிறாள், அதனால் சும்மா கேட்பேன். டொப்பு அவளிடம் எவ்வளவு பேசுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் எவ்வளவு குறைவாகப் பேசியிருக்கிறேன் என்பதும்.

சொல்லக் கூடாது என்பதைத் திருத்திச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். அது சுலபம் என்று நினைத்திருந்தேன். போலீஸ் கேட்டால் சொல்லலாம் என்றேன். போலீஸ் டிரஸ் போட்ட எல்லாரும் போலீஸா என்று கேட்டாள். குழந்தையோடு இருக்கும் அம்மாக்களிடம் சொல்லலாம் என்றேன். அந்தக் குழந்தை அவங்க குழந்தைதான்னு எப்படித் தெரியும் என்றாள். அப்படியானால் டொப்புவிடம் சொல்லலாமா? கூடாது என்றேன். டொப்பு நல்லவன்தானே, படாளம் ஆன்ட்டி மாதிரி? கம்பெனியில் எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டாலும் டக்டக்கென்று பதில் சொல்பவள், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து போனேன். கூட்டத்துக்குப் போனால் அவள் கையைக் கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிப் பிடிக்கிறேன். வலிக்குதும்மா என்கிறாள்.

போன மாதம் பள்ளியில் கூப்பிட்டிருந்தார்கள். அவள் வகுப்பு டீச்சர் என்னிடம், உங்க பொண்ணு மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தையை நான் பார்த்ததே இல்லை, ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே பிடித்துக்கொள்கிறாள் என்று ரொம்பப் புகழ்ந்தார். மற்ற அம்மாக்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம், ஊரே கூப்பிடும் தன் பெயரைக் கேட்டுக்கொண்டு, எனக்குக் கொடுத்த வாக்குக்காக, அது நான் இல்லை என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பிள்ளைதான் கண்முன் வருகிறாள். இன்று அவளிடம் நான் எதைச் சொன்னாலும், இதையும் இவள் இப்படியே நம்பிவிடுவாளே என்ற பயத்தோடுதான் சொல்கிறேன்.